பெரிய சக்கரம் மாட்டினால் கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன ஆகிறது?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை உள்ள கார் உதிரிபாகக் கடைகளில், அலாய் வீல்கள் வாசல்வரை அடுக்கப்பட்டிருக்கும். புதுக் கார் வாங்கிய கையோடு அங்கே வந்து, கம்பெனி கொடுத்த 15 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு 16 அல்லது 17 அங்குலத்துக்கு மாறுகிறவர்கள் ஏராளம். தமிழ், கன்னடம், உருது என்று எல்லா மொழியிலும் பேரம் நடக்கும் அந்தக் கடைகளில், பார்வைக்கு எப்படி இருக்கும், விலை எவ்வளவு, திருப்பும்போது ஃபெண்டரில் உரசுமா என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தச் சக்கரத்தை அன்றாடம் சுழற்றப் போகிற கிளட்ச், கியர்பாக்ஸ், திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியல், ஆக்சில் ஆகியவற்றின் பக்கம் பேச்சே போவதில்லை. செலவு வருவதோ அந்தப் பக்கத்திலிருந்துதான். அதுவும் சக்கரம் மாட்டிப் பல மாதங்கள் கழித்து வருவதால், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அங்குலக் கணக்கிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 15, 16, 17 என்று நாம் சொல்வது ரிம்மின் விட்டம் மட்டுமே. கியர்பாக்ஸுக்கு ரிம் எத்தனை அங்குலம் என்பது ஒரு பொருட்டே அல்ல. டயரையும் சேர்த்து மொத்தச் சக்கரம் எவ்வளவு உயரம், எவ்வளவு கனம் என்பதே அதற்குப் பொருட்டு. டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 என்று அச்சிட்டிருந்தால், டயரின் அகலம் 185 மி.மீ., சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 15 அங்குலம் என்று பொருள். 185-இல் 65 விழுக்காடு 120.25 மி.மீ. ஆகிறது. சுவர் மேலும் கீழும் இருப்பதால் அதை இரட்டித்து, 15 அங்குலத்துக்குரிய 381 மி.மீட்டருடன் கூட்டினால், சக்கரத்தின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. என்று வரும். இதே கணக்கை 195/55 ஆர்16 டயருக்குப் போட்டால் 620.9 மி.மீ. வருகிறது. ரிம் ஓர் அங்குலம் கூடியும் சக்கரத்தின் உயரம் மாறவில்லை. ஆனால் 205/65 ஆர்16 டயரை மாட்டினால் விட்டம் 672.9 மி.மீ. ஆகிவிடுகிறது, அதாவது 8 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். கடையில் இரண்டையுமே ‘பதினாறு இஞ்ச்’ என்றுதான் சொல்வார்கள். முதலாவதை மாட்டினால் கியர்பாக்ஸுக்கு ஏறக்குறைய ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டாவதை மாட்டினால் காரின் கியர் விகிதங்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றியதற்குச் சமம்.

அது எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஒரு சிறிய பெட்ரோல் காரின் எஞ்சின் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவதாகவும், முதல் கியரின் விகிதம் 3.5 என்றும், டிஃப்ரன்ஷியலில் உள்ள இறுதி விகிதம் 4.4 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த மூன்றையும் பெருக்கினால், இடையில் உராய்வில் போவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், சக்கரத்தின் அச்சில் ஏறக்குறைய 1,694 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. காரை முன்னே தள்ளுவது அச்சில் இருக்கும் முறுக்கு அல்ல, டயர் தரையைத் தள்ளும் விசை. அதை அறிய அச்சின் முறுக்கைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 621.5 மி.மீ. சக்கரத்தில் இந்த விசை 5,450 நியூட்டன் அளவில் இருக்கும். 672.9 மி.மீ. சக்கரத்தில் அது 5,035 நியூட்டனாகக் குறைந்துவிடும். எஞ்சினில் எதுவும் கெடவில்லை, கியர்பாக்ஸில் ஒரு பல்லும் தேயவில்லை. ஆனாலும் காரின் இழுவையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கரைந்துவிட்டது. ‘வீல் மாத்தினதிலிருந்து பிக்கப் இல்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பின்னணி இதுதான்.

இதையே வேறு விதமாகச் சொன்னால், 3.5 என்றிருந்த முதல் கியர் நடைமுறையில் 3.23 ஆகவும், 0.76 என்றிருந்த ஐந்தாம் கியர் 0.70 ஆகவும் மாறிவிடுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,280 சுற்றில் ஓடிய எஞ்சின், இப்போது 2,110 சுற்றில் ஓடும். கேட்பதற்கு இது நல்லதாகவே தோன்றும். சுற்று குறைந்தால் பெட்ரோல் மிச்சம்தானே என்று சிலர் இதற்காகவே பெரிய சக்கரத்தைப் பரிந்துரைப்பதும் உண்டு. ஆனால் காரைத் தயாரித்தவர்கள் ஐந்தாம் கியரை வைக்கும்போதே, எஞ்சின் திணறாமல் இழுக்கக்கூடிய எல்லைக்கு அருகில்தான் வைத்திருப்பார்கள். அதற்கும் கீழே போனால், லேசான ஏற்றம் வந்தாலும் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்த வேண்டியிருக்கும், அல்லது நான்காம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். குறைந்த சுற்றில் நிறைய முறுக்கை எஞ்சினிடம் கேட்பதைப் போலக் கியர்பாக்ஸுக்கு அலுப்பூட்டும் வேலை வேறில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வெடிப்பும் தனித்தனி உதறலாகக் கிளட்ச் தட்டின் சுருள்வில்களையும் கியர் பற்களையும் வந்து தாக்கும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொன்றும் சேர்கிறது. இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், விளம்பரத்தில் அச்சிட்ட முறுக்கு விசையில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காட்டை இங்கே இழந்துவிடுகிறது. சென்னையில் ஓட்டிப் பழகிய காரை இங்கே கொண்டு வந்தவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கக் கூடும். உயரத்தால் ஒரு பங்கு போன பிறகு, சக்கரத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு இன்னொரு பங்கைக் கொடுத்துவிட்டால், 1.2 லிட்டர் எஞ்சினின் கையில் மிஞ்சுவது கொஞ்சமே. டர்போ எஞ்சின்களுக்கு உயரத்தின் பாதிப்பு குறைவு என்றாலும், டர்போ வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்புள்ள குறைந்த சுற்றுகளில் அவையும் திணறத்தான் செய்கின்றன.

இத்தனையும் பிக்கப் பற்றிய கதை. தேய்மானம் பற்றிய கதை கிளட்ச்சில் தொடங்குகிறது. என் கணிப்பில், பெரிய சக்கரத்தால் நகர ஓட்டத்தில் முதலில் அடி வாங்குவது கியர்பாக்ஸ் அல்ல, கிளட்ச்தான். கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரம் அசையாமல் இருக்கும். இந்த இரண்டு வேகங்களும் ஒன்றாகும் வரை கிளட்ச் தட்டு வழுக்கிக்கொண்டே பிடிக்க வேண்டும். முன்பு சொன்ன காரில் எஞ்சின் 1,500 சுற்றில் இருக்கக் கிளட்ச்சை விட்டால், பழைய சக்கரத்தில் மணிக்கு 11.4 கி.மீ. வேகம் வந்ததும் வழுக்கல் நின்றுவிடும். பெரிய சக்கரத்தில் அது நிற்க 12.4 கி.மீ. வேகம் வர வேண்டும். வேறுபாடு ஒரு கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் சமதளத்தில் கிளம்பும்போது கிளட்ச்சில் வெப்பமாக மாறும் ஆற்றல், அந்த வேகத்தில் காருக்கு இருக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 1,200 கிலோ எடையுள்ள கார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், கிளட்ச் விழுங்கும் வெப்பம் சுமார் 6,000 ஜூலிலிருந்து 7,000 ஜூலாக உயர்கிறது. சக்கரத்தின் விட்டம் கூடியது 8 விழுக்காடு, கிளட்ச்சின் வெப்பம் கூடியது 17 விழுக்காடு.

ஊர்ந்து செல்லும் நெரிசலில் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் 750 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்க, முதல் கியரில் கிளட்ச்சை முழுவதும் விட்டுவிட்டால், பழைய சக்கரத்தில் கார் மணிக்கு 5.7 கி.மீ. வேகத்தில் தானாகவே நகரும். பெரிய சக்கரத்தில் அந்த வேகம் 6.2 கி.மீ. சில்க் போர்டு சந்திப்பிலோ டின் ஃபேக்டரி அருகிலோ மாலை நேரத்தில் முன்னால் போகும் பஸ் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்துக்கு இறங்க, ஓட்டுநர் ஹாஃப் கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. முன்பு கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுத்த இடங்களிலெல்லாம் இப்போது அது வழுக்கிக்கொண்டே போகிறது. இதோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில் காரை பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே நிறுத்தி வைக்கும் பழக்கமும் சேர்ந்துவிட்டால், தட்டின் உராய்வுப் பூச்சு கருகி வரும் வாசனை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும்.

சிவாஜிநகரில் நான் போகும் பட்டறை ஒன்றில், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஐ.டி. வேலையிலிருக்கும் ஓர் இளைஞரின் ஹேட்ச்பேக்கிலிருந்து அவர் இறக்கிய கிளட்ச்சை மேசையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். தட்டின் பூச்சு ரிவெட் தலை வரை தேய்ந்து, கண்ணாடி போல மின்னியது. தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும், முடி கனத்தில் குறுக்கே ஓடிய வெடிப்புகளும் இருந்தன.

“வீல் மாத்தி எவ்வளவு நாளாச்சு தம்பி?” என்று கேட்டார் அண்ணன்.

“ஒரு வருஷம் ஆகப் போகுதுண்ணே. ஆனா ஹைவே பக்கமே போகலை, சிட்டிக்குள்ளதான் ஓட்டினேன். அதுக்குள்ள கிளட்ச் எப்படிண்ணே போகும்?”

“சிட்டிக்குள்ளயே ஓட்டினதாலதான் தம்பி போச்சு.”

இரும்பு நீலமாக மாறுவது, அது ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி ஆறியதற்கு அடையாளம். அந்த நிலைக்குப் போன பிரஷர் பிளேட் தன் தட்டையான முகத்தை இழந்து லேசாக வளைந்துவிடும். பிறகு புதுத் தட்டு போட்டாலும் கார் கிளம்பும்போது உதறும். இதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் தட்டை மட்டும் மாற்றச் சம்மதிக்காமல், பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்கள். அது பணம் பிடுங்கும் வேலை அல்ல.

கிளட்ச் பெடலே இல்லாத கார் என்னுடையது, எனக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களும் சற்று யோசிக்க வேண்டும். 2014-இல் மாருதி செலேரியோவுடன் நம் நாட்டுக்கு வந்த, தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. அமைப்பில், அதே கியர்பாக்ஸும் அதே கிளட்ச்சும்தான் இருக்கின்றன. காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் அல்லது ஹைட்ராலிக் கருவி அதை அழுத்துகிறது, அவ்வளவே. எந்த இடத்தில் கிளட்ச் பிடிக்க வேண்டும் என்பதை, கம்பெனிச் சக்கரத்தை மனத்தில் வைத்து எழுதிய மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. உலர் வகை இரட்டைக் கிளட்ச் கொண்ட கார்களுக்கும் இதே நிலைமை. அவை ஏற்கெனவே நகர நெரிசலில் சூடாகும் இயல்புடையவை. டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் தேயும் தட்டுக்குப் பதிலாக எண்ணெய்தான் வழுக்குகிறது. வெப்பம் அந்த எண்ணெயில் இறங்குகிறது, எண்ணெய் விரைவில் பழுதாகி, அதை நம்பியிருக்கும் உள் கிளட்ச்சுகளும் வால்வுகளும் பின்னர் தொல்லை தருகின்றன. இந்த வகைக் காரில் பெரிய சக்கரம் போட்டால், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக அழுத்துவதால் கியர் அடிக்கடி இறங்கி ஏறும். நான்காவதா ஐந்தாவதா என்று பெட்டி முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவதை ஏற்றத்தில் நன்றாகவே உணரலாம். தனித்தனிக் கியர்கள் இல்லாமல் எஃகுப் பட்டையால் இயங்கும் சி.வி.டி. தன் விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், சீரான ஓட்டத்தில் குறையை மறைத்துவிடும். ஆனால் அதன் மிகக் குறைந்த விகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஏற்றத்தில் கிளம்பும்போது அந்த எல்லையில் நின்றுகொண்டு எஃகுப் பட்டை கூடுதல் பாரத்தைச் சுமக்க வேண்டும். மின்சாரக் கார்களில் கிளட்ச்சும் இல்லை, கியர் மாற்றமும் இல்லை. அங்கே இழப்பு பெரும்பாலும் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தில்தான் தெரியும்.

இனி எடையைப் பார்ப்போம். சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ, காரில் கூடும் பத்து கிலோவுக்குச் சமம் என்று ஒரு பேச்சு கடைகளிலும் கார் ஆர்வலர்களிடமும் பரவியிருக்கிறது. காரின் வேக ஏற்றத்தைப் பொறுத்தவரை இது சரியல்ல. சக்கரத்தின் எடை முன்னோக்கியும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும் என்பதால் அது இரண்டு முறை கணக்கில் வருகிறது. விளிம்பில் இருக்கும் எடை அதிகபட்சம் இரண்டு மடங்காக எண்ணப்படும், அச்சுக்கு அருகில் இருப்பது அதைவிடக் குறைவாக. சக்கரத்துக்கு 4 கிலோ வீதம் நான்கு சக்கரங்களில் 16 கிலோ கூடினாலும், அது காரில் 32 கிலோவுக்கு மேல் ஏற்றியதற்குச் சமமாகாது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கூடுதலாக உட்கார்ந்தது போன்ற பாரம் அது. எனவே பிக்கப் போனதற்கு முதல் காரணம் விட்டமே, எடை அல்ல.

ஆனால் எடை வேறொரு விதத்தில் தீங்கு செய்கிறது. கனமான பெரிய சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால் அதில் சேமிப்பாகும் சுழல் ஆற்றலும் பெரிது. மழைக்காலத்தில் வொயிட்ஃபீல்டு பக்கத்துச் சேற்றுப் பள்ளத்தில் ஒரு சக்கரம் பிடியின்றிச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திடீரென்று ஒரு கல்லையோ தார் விளிம்பையோ பிடித்துக்கொண்டால், அந்தச் சுழல் ஆற்றல் முழுவதும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் ஆக்சில் வழியாக டிஃப்ரன்ஷியலுக்குள் பாய்கிறது. எஞ்சின் தரும் முறுக்கைவிடப் பல மடங்கு பெரிய அதிர்ச்சி இப்படி வரக்கூடும். சாதாரணமாக இத்தகைய அதிர்ச்சிகளிலிருந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது டயர்தான். பிடி தாங்காதபோது டயர் வழுக்கிவிடும். வழுக்கியதும் அச்சில் ஏறும் முறுக்கு அத்தோடு நின்றுவிடும். டயர் வழுக்கும் வரை அச்சு தாங்க வேண்டிய முறுக்கு என்பது தரைப்பிடியையும் ஆரத்தையும் பெருக்கிய அளவு. பெரிய டயரில் ஆரம் கூடுகிறது, அகலமான நல்ல டயராக இருந்தால் பிடியும் கூடுகிறது. முன்பு டயர் விட்டுக்கொடுத்த இடத்தில் இப்போது அது விட்டுக்கொடுக்காது. அடுத்து விட்டுக்கொடுக்க இருப்பது ஆக்சில் சாய்ந்தபடியும் சுழல உதவும் மூட்டான சி.வி. ஜாயிண்ட்டோ, ஆக்சிலின் பல்வரிகளோ, டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பினியன்கள் என்ற சிறிய பற்சக்கரங்களோதான்.

சி.வி. ஜாயிண்ட்டின் கேடு பெரும்பாலும் காதில்தான் முதலில் விழும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துக்கொண்டு மெல்ல நகரும்போது, சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ‘டக் டக்’ என்று சீராக ஒலி வந்தால் அதுதான். பெரிய டயர் உரசாமல் இருக்கக் காரையும் உயர்த்தியவர்களுக்கு இது இன்னும் விரைவில் வருகிறது. கார் உயர்ந்தால் ஆக்சில் நேராக இருக்காமல் சாய்ந்து வேலை செய்ய வேண்டும். சாய்வு கூடினால், ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ‘பூட்’ என்ற ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றையொன்று உரசிக் கிழியும். கிழிந்த இடத்தில் கிரீஸ் வெளியே தெறிக்க, மணலும் தண்ணீரும் உள்ளே புகும். பூட்டை மட்டும் உரிய நேரத்தில் மாற்றினால் செலவு சிறியது. விட்டுவிட்டால் ஆக்சிலையே மாற்ற வேண்டிவரும்.

சக்கரத்தின் ஆஃப்செட்டும் கவனிக்க வேண்டியது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரோடு பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் அது. பார்வைக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ரிம்களும், அதற்காக இடையில் வைக்கும் ஸ்பேசர் தகடுகளும், காரின் பாரத்தை வீல் பேரிங்கிலிருந்து விலக்கி வெளியே கொண்டுபோகின்றன. நெம்புகோல் நீண்டால் பேரிங்கின் மேல் வரும் வளைக்கும் பாரம் கூடும். ஓடும்போது வேகத்தோடு சேர்ந்து உயரும் ‘ஊ’ என்ற இரைச்சல், திருப்பத்தில் கூடியும் குறைந்தும் கேட்டால், பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளில் ஒரு விதியை மீறவே கூடாது: நான்கு டயர்களும் ஒரே அளவு, கூடுமானவரை ஒரே அளவு தேய்மானம். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவ் நிலையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்படுகின்றன. இடையில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. முன்னே ஓர் அளவும் பின்னே ஓர் அளவும் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அச்சு மற்றதைவிடக் கூடுதல் தூரம் போக முயலும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாததால், முறுக்கு முழுவதும், இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும், அதை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் ஏறிக்கொண்டே போகும்.

ஸ்டெப்னியும் இதோடு சேர்ந்ததுதான். நான்கு சக்கரங்களை மாற்றுகிறவர்களில் பலர் ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள். இயங்கும் அச்சில் ஒரு பக்கம் 672 மி.மீ., மறுபக்கம் 621 மி.மீ. என்றிருந்தால், நேர்ச்சாலையில் போகும்போதும் டிஃப்ரன்ஷியலின் பினியன்கள் திருப்பத்தில் போவது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பினியன்கள் திருப்பங்களில் சற்று நேரம் சுற்றுவதற்காக வைக்கப்பட்டவை. பெரும்பாலான கார்களில் அவற்றுக்கு உருளை பேரிங் கூட இல்லை, வெறும் இரும்புத் தண்டின் மேல்தான் சுழல்கின்றன. பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். அப்படியே ஓசூர் தாண்டி, தொப்பூர் இறங்கி, சேலம் வரை போகலாம் என்று நினைக்கக் கூடாது. முன்சக்கரம் இயங்கும் காராக இருந்தால், ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, பின்சக்கரத்தை முன்னால் கொண்டுவந்துவிடுவது நல்ல வழி.

வேகமானி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் கியர்பாக்ஸ் அல்லது சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. உண்மை வேகத்தைவிட மீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதி 39-இன் அடிப்படை. எனவே தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைப்பார்கள். மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 97 ஆக இருந்த காரில் 8 விழுக்காடு பெரிய சக்கரம் போட்டால், அதே 100-இல் கார் 105 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் வேக வரம்பு 100. கேமரா உங்கள் மீட்டரைப் பார்த்து வேகத்தை அளப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு, இலகு ரக வாகனங்களின் மிகை வேகத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். மீட்டரில் 10,000 கி.மீ. ஆனதும் எண்ணெய் மாற்றுகிறவரின் கார், உண்மையில் 10,800 கி.மீட்டருக்கும் மேல் ஓடியிருக்கும். மைலேஜ் கணக்கிலும் இதே பிழை நுழைகிறது. லிட்டருக்கு உண்மையில் 18 கி.மீ. தரும் கார், இந்த மீட்டரை நம்பிக் கணக்கிட்டால் 16.6 தருவதாகத்தான் தெரியும். சக்கரம் மாற்றியபின் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புகாரில் ஒரு பகுதி உண்மையான இழப்பு, ஒரு பகுதி மீட்டரின் தவறு. இரண்டையும் பிரித்தறிய, நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களையோ கைப்பேசியின் ஜி.பி.எஸ்-ஐயோ வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. இதைவிட அன்றாடம் கைக்கு எட்டும் சிக்கல் வாரண்டி. கிளட்ச்சோ ஆக்சிலோ போய்விட்டால், சர்வீஸ் சென்டரில் காரைப் பார்த்ததும் முதலில் டயரின் அளவைத்தான் படிப்பார்கள்.

இவ்வளவையும் சொல்வதால் சக்கரத்தில் கையே வைக்கக் கூடாது என்று பொருளில்லை. தயாரிப்பாளர்களே ஒரே காரின் வெவ்வேறு வகைகளுக்கு வெவ்வேறு சக்கரம் தருகிறார்கள். ஸ்விஃப்ட்டின் கீழ்நிலை வகைகளுக்கு 165/80 ஆர்14, மேல்நிலை வகைகளுக்கு 185/65 ஆர்15 தரப்பட்டது. முதலாவதின் விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவதின் விட்டம் 621.5 மி.மீ. ரிம் பெரிதாக்கியபோது டயரின் சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை இரண்டு மி.மீட்டருக்குள் காப்பாற்றியிருக்கிறார்கள். நாமும் பின்பற்ற வேண்டிய முறை அதுதான். உங்கள் காரின் மேல்நிலை வகைக்குக் கம்பெனி என்ன அளவு தந்திருக்கிறது என்று ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ பார்த்து, அதற்கு மாறுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. அப்படி ஓர் அளவு இல்லையென்றால், மொத்த விட்டம் 2 விழுக்காட்டுக்கு மேல் கூடாமலும், டயரின் சுமை எண் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 88 என்ற சுமை எண் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அளவு சரியாக இருந்தும் இந்த எண் குறைந்துவிட்டால் பயனில்லை. வாங்கும் முன் பழைய சக்கரம் ஒன்றையும் புதிய சக்கரம் ஒன்றையும் டயரோடு எடை போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விலை மலிவான வார்ப்பு அலாய்கள் சில, கம்பெனியின் இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கும்.

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக ஜீப் வகை வண்டிகளில் உண்மையிலேயே பெரிய டயர் தேவைப்படுகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் 693 மி.மீ. விட்டம் கொண்டது, அதில் 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீட்டருக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். இழந்த இழுவையைத் திரும்பப் பெற, டிஃப்ரன்ஷியலின் இறுதி விகிதத்தைத் தரும் கிரவுன்–பினியன் பற்சக்கரங்களை மாற்றி, அந்த விகிதத்தை அதே அளவு கூட்ட வேண்டும், விகிதம் 4.0 என்றிருந்தால் ஏறத்தாழ 4.24 தேவைப்படும். முன்னும் பின்னும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதாலும், பற்களின் இடைவெளியைச் சரியாக அமைக்கத் தேர்ந்த கை வேண்டும் என்பதாலும், இது செலவு பிடிக்கும் வேலை. முன்சக்கர இயக்கமுள்ள ஹேட்ச்பேக்குகளில் இந்த இறுதி விகிதம் கியர்பாக்ஸின் உறைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மாற்றுப் பற்சக்கரம் நம் சந்தையில் பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் ஏற்றத்தில் ஒரு கியர் கீழேயே ஓட்டுவது, நெரிசலில் முன்னால் இடம் விட்டு, ஊர்வதற்குப் பதிலாக நின்று நகர்வது, மேம்பாலத்தில் கைப்பிரேக்கைப் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் கிளட்ச்சின் ஆயுள் கணிசமாக நீளும். கியர் எண்ணெயையும் ஆட்டோமேட்டிக் எண்ணெயையும் கையேட்டில் சொன்ன தூரத்துக்குச் சற்று முன்னதாகவே மாற்றுங்கள். மீட்டர் குறைத்துக் காட்டுவதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வண்டி ராம்பில் ஏறும்போது, சி.வி. ஜாயிண்ட்டின் நான்கு பூட்டுகளையும் விரலால் விரித்து, மடிப்புக்குள் வெடிப்போ கிரீஸ் கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.